சத்தம் நின்றபோது எழுந்தவர்கள்

கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில், யாரும் எடுத்துப் படித்ததற்கான தேதி முத்திரை ஒன்றுகூட விழாத ஒரு புத்தகத்தில்தான் அந்த பாலேவை நான் முதலில் பார்த்தேன். பார்த்தேன் என்பது சரியான சொல் அல்ல. ஐரோப்பிய நாடக மேடையின் வரலாற்றைச் சொல்லும் அந்தத் தடித்த புத்தகம், அதற்கு மூன்று பக்கங்களையும் ஒரு புகைப்படத்தையும் ஒதுக்கியிருந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகைப்படத்தை விட்டு என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. சன்னல்களும் புகைக்குழாயும் வைத்து அட்டையால் கட்டிய ஒரு கட்டடம், இரண்டு மனிதக் கால்களில் நின்றுகொண்டிருந்தது. கால்கள் மட்டும் நடனக்காரருடையவை. இடுப்புக்கு மேலே இருந்தது ஒரு தெரு.

பாலே என்றால் நுனிக்காலில் நின்று, பேச்சில்லாமல் உடலால் மட்டும் கதை சொல்லும் நடனம் என்பதுவரை எனக்குத் தெரியும். இந்த பாலேவின் கதை ஒரு பத்திக்குள் முடிந்துவிட்டது. ஒரு திருவிழாக் கூடாரத்தின் வாசல். உள்ளே நடக்கப்போகும் காட்சிக்கு ஆள் சேர்க்க, வாசலிலேயே சிலர் கொஞ்சம் மாதிரி காட்டுகிறார்கள். மந்திரவாதி ஒருவர், கரணம் போடுபவர்கள், ஒரு சிறுமி. அட்டைக் கட்டடங்களை மாட்டிக்கொண்ட மேலாளர்கள் குறுக்கும் நெடுக்கும் நடந்து கூட்டத்தை உள்ளே அழைக்கிறார்கள். கூட்டமோ, வாசலில் காட்டியதுதான் முழுக்காட்சி என்று நினைத்துக் கலைந்துவிடுகிறது. கடைசிவரை யாரும் உள்ளே போவதில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பாரிஸில் இதை மேடையேற்றினார்களாம். இசைக்குழுவில் வயலின்களுக்கு நடுவே தட்டச்சுப் பொறியையும் சைரனையும் ஒலிக்கவிட்டார்களாம். பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று கூச்சலிட்டார்களாம்.

தட்டச்சுப் பொறி, சைரன் என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

நான் சோமனூரிலிருந்து பஸ்ஸில் வருபவள். கல்லூரி நிறுத்தத்தில் இறங்கினால் ஜெராக்ஸ் கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பக்கத்துக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்கான போர்டு ஏறிவிட்ட பிறகும் காலை முதல் பேட்சுக்கு அங்கே பன்னிரண்டு பொறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அதைத் தாண்டி நடக்கும்போது பஞ்சாலையின் சைரன் ஒலிக்கும். நாங்கள் அதைச் சங்கு என்போம். இந்த இரண்டையும் கேட்காமல் ஒரு நாளும் நான் கல்லூரிக்குள் நுழைந்ததில்லை. பாரிஸில் பட்டும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்தவர்களைக் கூச்சலிட வைத்த சத்தம், எங்கள் ஊரில் மணி பார்க்கப் பயன்பட்டது. அந்தச் சத்தத்தில் அவர்களுக்கு என்ன கேட்டது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். எம்.ஏ. இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு அதையே தலைப்பாகக் கேட்பதென்று முடிவுசெய்தேன்.

இதை எழுதும்போது எளிதாக இருக்கிறது. அன்று எளிதாக இல்லை. இரண்டு ஆண்டுகளில் துறையில் நானாக எதையும் கேட்டதில்லை. வருகைப்பதிவின்போது சொல்லும் "பிரசென்ட் மேடம்" தவிர என் குரலை வகுப்பில் பலர் கேட்டிருக்கவே மாட்டார்கள். ஆங்கிலத் துறைத்தலைவர் எதிரில் பேசுவதோ எல்லோருக்கும் கடினம். கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் மடிப்பு மாலைவரை கலையாது. ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியில் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. மெட்ராஸ் கான்வென்ட்டில் படித்து வளர்ந்தவர் என்று சீனியர்கள் சொன்னார்கள். யார் சொல்லி அவர்களுக்குத் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

நான் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை, மேடம்."

"யாராவது திரைப்படமாக எடுத்திருக்கிறார்களா?"

"எடுத்ததாகப் புத்தகத்தில் இல்லை, மேடம்."

"ஆக, மூன்று பக்கங்களைப் பற்றி அறுபது பக்கங்கள் எழுதப்போகிறீர்கள்."

அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பிற்பகல் கருத்தரங்க வகுப்பில் எனக்கு நாற்பது நிமிடங்கள். அந்த பாலேவில் என்ன நடக்கிறது, அதைக் கேட்டு ஏன் கூச்சலிட்டார்கள் என்று துறையின் முன் நான் விளக்க வேண்டும். அவருக்குப் புரிந்தால் தலைப்பு என்னுடையது. புரியாவிட்டால் அறிவிப்புப் பலகையில் உள்ள பட்டியலில் பதினான்காவது தலைப்பு இன்னும் காலியாக இருக்கிறது என்றார்.

பதினான்காவது தலைப்பு, ஓர் ஆங்கிலக் கவிஞரின் பாடல்களில் இயற்கை. எனக்கு முன் மூன்று பேர் அதை எழுதியிருந்தார்கள். பைண்டு செய்த மூன்று பிரதிகளும் நூலகத்தில் இருந்தன. அவற்றில் இரண்டின் முடிவுரை ஒன்றேதான், அச்சுப்பிழைகள் உட்பட.

நானூறு ஆண்டுகளுக்கு முன் நடித்த நாடகங்களையும் நம்மில் யாரும் பார்த்ததில்லையே, மேடம், அவற்றைப் பற்றி மட்டும் எப்படி எழுதுகிறோம் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். சரியான பதில்கள் எனக்குப் பெரும்பாலும் பஸ் நீலாம்பூரைத் தாண்டிய பிறகுதான் வரும்.

என் ஒரே தோழி ஈரோட்டுக்காரி, விடுதியில் தங்கியிருந்தாள். மஞ்சள் மண்டிக்காரர் வீட்டுப் பெண். நான் பேசாத பேச்சையெல்லாம் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

"ஏம்புள்ள, பதினாலாவது தலைப்ப எடுத்துக்கிட்டு நிம்மதியா இரேன். பூவு, மரம், நெலான்னு எழுதினா அறுபது பக்கம் தானா ரொம்பிரும்."

"எனக்கு அது வேண்டாம்."

"உனக்கு ஒண்ணு வேணும்னு நீ சொல்லி இப்பத்தான் கேக்குறேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் கேலி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உதவிக்கு வந்தாள்.

சொல்லி விளக்குவதைவிடக் கேட்க வைப்பதே சரி என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. வெற்று கேசட் ஒன்று வாங்கிக்கொண்டு, முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனோம். அங்கேதான் நான் லோயர் பரீட்சை பாஸ் செய்தேன். அதனால் மாஸ்டர் என்னை மறந்திருக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, சத்தத்தப் பிடிச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"பாட்டுக்குங்க, சார்" என்று தோழி முந்திக்கொண்டாள்.

மாஸ்டர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டு பொறிகளுக்கு நடுவே நின்று, கையை உயர்த்தி, "எல்லாரும் கவனமா கேளுங்க. ரெக்கார்டு ஆவுது. தப்பில்லாம அடிக்கோணும். எவனாச்சும் ஸ்பெல்லிங் மிஸ்டேக் உட்டீங்கன்னா ஊருக்கே கேட்டுபோடும்" என்றார். அந்தக் கேசட்டில் முதல் பத்து விநாடிகளுக்கு அந்த எச்சரிக்கை இருக்கிறது. அதன் பிறகு பன்னிரண்டு பேர் மிகுந்த அச்சத்துடன் பிழையின்றித் தட்டும் ஒலி.

சங்கைப் பதிவு செய்தது மறுநாள் காலை, பஞ்சாலைக்கு எதிரே இருந்த டீக்கடை ஓரம். இரண்டு பெண்கள் தெருவில் நின்று ஒரு பெட்டியை வானத்தை நோக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து ஒருவர் டம்ளரோடு நெருங்கி வந்தார். சங்கு ஊதி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு, "ஏனுங்க, இது நாளைக்கும் ஊதுமுங்க" என்றார்.

கடைசியாக எங்கள் தறிக்குடோன். பாரிஸ் மேடையில் தறி இல்லை. இதைச் சேர்த்தது என் முடிவு. தட்டச்சும் சைரனும் அவர்கள் ஊரின் வேலைச் சத்தம் என்றால், எங்கள் ஊரின் வேலைச் சத்தம் இல்லாமல் என் விளக்கம் முழுமையாகாது என்று நினைத்தேன். வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் எட்டு விசைத்தறிகள். நாலு அப்பா பார்ப்பார், நாலு அம்மா பார்ப்பார். தறி ஓடும்போது அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. நூல் சுற்றிய தார் தீர்ந்தால் ஒரு சைகை, டீ வேண்டுமென்றால் ஒரு சைகை, எந்தத் தறி என்பதற்கு விரல்கள். நான் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் அப்பா என்னைப் பார்த்து உள்ளங்கையை விரித்துத் திருப்பினார். என்ன என்று அர்த்தம். நான் எழுதுவதுபோலக் காட்டினேன். படிப்புக்காம் என்று அவர் அம்மாவிடம் உதட்டசைவில் சொன்னார். அம்மா தலையை மட்டும் அசைத்துவிட்டு, நிற்கப்போகும் தறிக்கு அது நிற்பதற்கு முன்பே நடந்துபோனார்.

அவசரம் எதையும் காட்டாத அந்த நடையை நான் பிறந்தது முதல் பார்த்திருக்கிறேன். துணிக்குக் குறுக்கே பாய்ந்து பாய்ந்து ஓடும் மர நாடாவுக்குள் இருக்கும் தாரில் ஊடை நூல் தீர்ந்துபோனால் தறி தானே நின்றுவிடும். புதுத் தார் போட்டு, பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் மறுபடி ஓடும். தறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் துணி குறையும். அதனால் சத்தத்தில் ஒரு இழை குறைந்தால்கூட அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எது நின்றதென்று பார்க்காமலே சரியான தறிக்குப் போய்விடுவார். எட்டும் ஓடும் இரைச்சலில் அவரால் தூங்க முடியும். என்னால் படிக்க முடிந்ததுபோல.

புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் இல்லை. தறிகள் ஓயும் நாள். எனக்குக் கல்லூரியில் பிற்பகல் வகுப்பு இல்லாததால் சீக்கிரமே வந்துவிட்டேன். அப்பா தறிக்கான பாவு நூல் விஷயமாக வெளியே போயிருந்தார். அம்மா நடுவீட்டில் பாய் விரித்துப் படுத்தார். ஆனால் புரண்டுகொண்டே இருந்தார். சத்தம் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. நான் அடுத்த அறையில் பேட்டரி போட்டு, வெள்ளிக்கிழமைக்கான ஒத்திகையாகக் கேசட்டை ஓடவிட்டுக் கடிகாரம் பார்த்தேன். தட்டச்சு, சங்கு, பிறகு தறி. தறிச் சத்தம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அம்மாவின் சீரான மூச்சு கேட்டது. நன்றாகத் தூங்கிவிட்டார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

அம்மா அறை வாசலில் நின்றார். எழுந்த ஓசைகூட எனக்குக் கேட்கவில்லை. கண் முழுதாகத் திறந்திருக்கவில்லை. வலது கை மட்டும் இடுப்பு உயரத்தில் முன்னே நீண்டிருந்தது.

"எந்தத் தறி கண்ணு நின்னுச்சு?"

"இன்னைக்குக் கரண்டே இல்லீங்கம்மா. இது டேப்புங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னையும் பெட்டியையும் பார்த்தார். "படுபாவிப் பொட்டி. தூங்க வெச்சுப்போட்டு எழுப்புது" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அன்று மாலைவரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பாரிஸில் சத்தம் வந்தபோது மக்கள் எழுந்து நின்றார்கள். எங்கள் வீட்டில் சத்தம் நின்றபோது எழுந்து நிற்கிறார்கள். இரண்டும் ஒன்றின் இரண்டு முனைகள் என்று எனக்குப் பட்டது. வேலைச் சத்தம் யாருக்கு அன்னியம், யாருக்கு உடம்புக்குள் இருக்கிறது என்பதுதான் அந்தக் கூச்சலின் விளக்கமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரு அம்மாவை வைத்து இப்படிச் சொல்லிவிட முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் என்னைத் தவிர இருபத்திரண்டு பேர். அவர்களில் தறி வீட்டுப் பெண்கள் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் என் பஸ்ஸில் வருபவர்கள். மற்ற இருவரில் ஒருத்தி பல்லடம், ஒருத்தி அவிநாசிப் பக்கம். நால்வருமே எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பில்லாமல் கேசட்டை நிறுத்துவது என்று திட்டமிட்டேன். நோட்டில் தேதியிட்டு அந்த நான்கு பேரின் பெயர்களை எழுதிவைத்தேன். இவர்கள் அசைவார்கள், மற்றவர்கள் அசையமாட்டார்கள். யாரிடமும், தோழியிடமும், சொல்லவில்லை.

தோழிக்கு வேறு வேலை இருந்தது. நூல் சுற்றிய கூம்புக் கோன்கள் வரும் அட்டைப்பெட்டிகள் மூன்றை அப்பாவிடம் கேட்டு வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, சன்னல் வெட்டி, உச்சியில் ஒரு கோனைப் புகைக்குழாயாகச் செருகியிருந்தோம். அதை மாட்டிக்கொண்டு அவள் மேலாளராக நடக்க வேண்டும். கண்ணுக்காக வெட்டிய சன்னல் அவள் நெற்றிக்கு நேராக அமைந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலடி."

"நேரா நட. பத்து அடியில திரும்பு."

"எந்தப் பத்து அடி? உன் அடியா, என் அடியா?"

வெள்ளிக்கிழமை பிற்பகல், துறைத்தலைவர் முதல் வரிசையில் ஓரமாகப் போட்டிருந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். வருகைப்பதிவேடு, பேனா, ஒரு டம்ளர் தண்ணீர். நான் மேடையில் டூ-இன்-ஒன்னை வைத்து ஓடவிட்டேன். மாஸ்டரின் எச்சரிக்கை ஒலித்ததும் வகுப்பு சிரித்தது. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் முதல் இரண்டு நிமிடங்கள் நான் பேசியது யாருக்கும் கேட்டிருக்காது. தோழி கட்டடமாக உள்ளே நுழைந்தாள், நேராக நடந்தாள், பதினொன்றாவது அடியில் துறைத்தலைவரின் மேசையில் மோதினாள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் டம்ளரைச் சரியான நேரத்தில் நகர்த்தி வைத்தார்.

சங்கு முடிந்து தறிச் சத்தம் தொடங்கியது. அப்போது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. என் குரல் உயர்ந்தது. நானாக உயர்த்தவில்லை. தறி பின்னால் ஓடும்போது வீட்டில் பேசிப் பழகிய குரல் அது. கல்லூரியில் அதை நான் கொண்டுவந்ததே இல்லை. கூடாரத்தின் வாசலை, உள்ளே போகாத கூட்டத்தை, மாதிரியையே காட்சி என்று நினைத்த பிழையை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி வரிசைக்கும் கேட்டது. பாரிஸ் மக்கள் எழுந்து நின்று கத்தினார்கள் என்று சொல்லும் இடத்துக்கு வந்தபோது, வாக்கியத்தின் நடுவிலேயே பொத்தானை அழுத்தினேன்.

சத்தம் நின்றது.

பல்லடத்துப் பெண் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். என் பஸ்காரிகள் இருவரும் ஒரே பக்கம் திரும்பி எழுந்தார்கள். அவிநாசிக்காரியின் நோட்டு கீழே விழுந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். நகரத்துப் பெண்கள் டேப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு. என் கணக்குச் சரியாக இருந்தது.

பிறகு முதல் வரிசையைப் பார்த்தேன். துறைத்தலைவர் நின்றுகொண்டிருந்தார். பாதி அல்ல, முழுதாக. மேசையை விட்டு ஓர் அடி இடப்பக்கம் வந்துவிட்டிருந்தார். வலது கை இடுப்பு உயரத்தில் நீண்டு, விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன. அங்கே இழுப்பதற்குக் கைப்பிடி இல்லை. அவர் தன் கையைப் பார்த்தார். அம்மா பார்த்தது போலவே.

அட்டைக் கட்டடத்துக்குள்ளிருந்து மட்டும் ஒரு குரல் வந்தது. "என்னடி ஆச்சு? கரண்ட் போச்சா?"

துறைத்தலைவர் கையை இறக்கி, அதே கையால் வருகைப்பதிவேட்டை எடுத்துக்கொண்டார். "திங்கட்கிழமை பத்து மணிக்கு என் அறைக்கு வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு இன்னும் பதினோரு நிமிடங்கள் மீதியிருந்தன.

வகுப்பில் பெரும்பாலோர், மேடம் கோபத்தில் எழுந்து பாதியிலேயே நிறுத்திவிட்டார் என்று புரிந்துகொண்டார்கள். தோழி அட்டைக் கட்டடத்தைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "போச்சு. பூவு, மரம், நெலா" என்றாள். நான் மறுக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், வகுப்பில் எழுந்த பஸ்காரிகளில் ஒருத்தி. கருமத்தம்பட்டி வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவங்க கை எங்க போச்சுன்னு பாத்தயா?"

"பாத்தேன்."

"நானும் பாத்தேன்."

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றும் சரி, அதன் பிறகும் சரி.

அந்த இரண்டு நாட்களும் தலைப்பு போய்விடுமோ என்று அஞ்சினேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. ஒருவர் பல வருடங்களாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை, அவர் அனுமதி இல்லாமல் இருபத்திரண்டு பேர் முன்னால் அவர் உடம்பிலிருந்தே வரவழைத்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னைப் பற்றி யாரிடமாவது விசாரித்தீர்களா?" அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஆங்கிலத்தில்.

"இல்லை, மேடம். நான் நான்கு பேரைத்தான் எதிர்பார்த்தேன்." நோட்டைத் திறந்து, தேதியிட்ட பக்கத்தை அவர் முன் வைத்தேன்.

அவர் நான்கு பெயர்களையும் படித்தார். நோட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். பிறகு பேசியபோது, வேறு யாரோ அந்த அறையில் இருப்பதுபோல இருந்தது.

"ஊட்ல எத்தன தறிங்க?"

"எட்டுங்க, மேடம்."

"டேப்புல ஏழுதான் ஓடுச்சு."

யோசித்துப் பார்த்தேன். பதிவு செய்த அன்று பாவு தீர்ந்து ஒரு தறி நின்றிருந்தது உண்மை. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"அந்த ஏழுல ஒண்ணுல நாடாவ அடிக்கிற கட்டை லூசா இருக்குது. ரெண்டு சத்தமா விழுது. அப்பாகிட்டச் சொல்லிப்போடுங்க. நாடா வெளிய தெறிச்சா நிக்கிறவங்க மூஞ்சியிலதான் படும்."

"சொல்றேனுங்க, மேடம்."

அவர் என் தலைப்புத் தாளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். கையெழுத்துப் போடாமல் பேனாவைத் திறந்து பிடித்திருந்தார்.

"அங்க எந்திரிச்சுக் கத்துனாங்கல்ல. அவங்கள்ல ஒருத்தராச்சும் டைப் அடிச்சுச் சம்பாதிச்சுச் சாப்புட்டவங்களா?"

"தெரியலீங்க. புத்தகத்துல இல்லீங்க."

"மேல் வரிசையில, கொறஞ்ச டிக்கட்டுல, யாராச்சும் உக்காந்திருப்பாங்க. அவங்களும் கத்துனாங்களா?"

"அதுவும் இல்லீங்க."

"அதத் தேடுங்க" என்றார். கையெழுத்திட்டார். தாளை என்னிடம் நீட்டும்போது மீண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பியிருந்தார். தலைப்பில் ஒரு காற்புள்ளி தேவையில்லை என்றும், முதல் அத்தியாயம் ஒரு மாதத்தில் வர வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று மாலை அப்பாவிடம் கட்டையைப் பற்றிச் சொன்னேன். தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்து, மூன்றாவதில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அது அம்மா நிற்கும் தறி. ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்த மெக்கானிக் கண்ணு சொன்னாரு?"

"காலேஜ்ல சொன்னாங்கப்பா."

"இங்கிலீசு படிக்கிற எடத்துலயா?"

"ஆமாங்கப்பா."

அவர் மேலும் கேட்பார் என்று நினைத்தேன். ஆனால் தறி ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குமேல் பேச முடியாது.

மேல் வரிசையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கிடைத்த எல்லாக் குறிப்புகளையும் எழுதியவர்கள் கீழே, நல்ல இருக்கைகளில் அமர்ந்தவர்கள். பார்வையாளர்களில் பாதிப்பேரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்பதையே என் மூன்றாம் அத்தியாயத்தின் முடிவாக எழுதினேன். கருத்தரங்க வகுப்பில் செய்த சோதனையைப் பின்னிணைப்பில் சேர்த்தேன். எப்போது பதிவு செய்தது, எத்தனை நிமிடம், எந்த இடத்தில் நிறுத்தியது, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என எல்லாவற்றையும் குறித்தேன். ஓரிடத்தில் மட்டும் தெரிந்தே தவறு செய்தேன். ஒலி நின்றதும் எழுந்தவர்கள் நான்கு பேர் என்று தட்டச்சு செய்தேன். நானே அடித்த பிரதி அது. விரல்கள் தயங்கவில்லை.

முதல் வரைவு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. நீண்ட வாக்கியங்கள் வெட்டப்பட்டிருந்தன. இரண்டு மேற்கோள்களுக்குப் பக்க எண் கேட்டிருந்தார். பின்னிணைப்பை மட்டும் அவர் தொடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அறைக்கு வெளியே வராந்தாவில் நின்று மறுபடி புரட்டியபோது பார்த்தேன். நான்கு என்ற சொல்லின் மேல் ஒரு நேர்கோடு. அதற்கு மேலே, சிறிய எழுத்தில், ஐந்து.